ஒட்டு தெரியாமல் 73 நிமிடம்: வீட்டில் செய்த டீப் ஹவுஸ் மிக்ஸ்

டீப் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசைப் பாட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, மிக்ஸ் ஆல்பம் ஒன்றை வீட்டிலேயே செய்து முடித்திருக்கிறேன். 12 பாட்டு, 73 நிமிடம், நடுவில் எங்கும் நிற்காது. யாருக்கு என்பதும் முன்பே முடிவானதுதான். கும்பகோணத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு ராத்திரி சவாரி ஓட்டும் என் மாமா மகன் கேட்டான்: "ஒவ்வொரு பாட்டு முடியறப்பவும் கை தானா ஸ்டீரியோவுக்குப் போவுது மச்சான். ஒரே ஓட்டமா ஒண்ணு போட்டுக் குடேன்." அவன் வண்டியில் இருப்பது பழைய ஸ்டீரியோ. சிடியும் எடுக்கும், பென்டிரைவும் எடுக்கும். இரண்டுக்குமாகச் செய்ததில் கற்றதை எழுதி வைக்கிறேன். இந்த இசையை நேசிக்கும் இன்னொருவருக்குப் பயன்படும்.

ஒரே ஓட்டம் என்று அவன் கேட்டதும் எனக்கு டீப் ஹவுஸ்தான் தோன்றியது. சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் 1977 முதல் 1982 வரை இசைத்தட்டு ஓட்டியவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். அங்கிருந்து கிளம்பிய ஹவுஸ் இசையை 1980களின் நடுவில் மென்மையாக்கி, ஜாஸ் சாயலுள்ள கார்டுகளை (chord, பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) போட்டு, வேறொரு ஆழத்துக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் லாரி ஹெர்ட். மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரிலும் இசைத்தட்டு வெளியிட்டார். அடிப்படையில் அவர் ட்ரம்ஸ் வாசித்தவர். அவருடைய தாளம் எங்கும் முந்திக்கொண்டு ஓடாததற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன். டீப் ஹவுஸின் வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 118 முதல் 125 அடிக்குள் இருக்கும். ஒவ்வொரு அடியிலும் கிக் (பெரிய ட்ரம்மின் தடித்த ஒலி) விழும். மேலே மைனர் செவன்த், நைன்த் கார்டுகள் மெதுவாக மாறிக்கொண்டிருக்கும். குரல் வந்தால் உண்டு, இல்லாவிட்டாலும் குறையில்லை.

இந்தப் பாட்டுகளைத் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, "ஒரு நிமிஷம் வெறும் தாளம்தானே ஓடுது" என்று பலர் மூடிவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிடம் வேண்டுமென்றே வைத்தது. 1970களின் நடுவில் 12 அங்குல இசைத்தட்டுகள் வந்ததிலிருந்து, டிஜே அடுத்த பாட்டை உள்ளே கொண்டுவர இடம் தரும்படிதான் இத்தகைய பாட்டுகளின் முன்பகுதியும் பின்பகுதியும் அமைகின்றன. பாதி செய்து வைத்த பொருள் அது. மறுபாதி இன்னொரு பாட்டோடு சேரும்போதுதான் முழுமையாகும். மிக்ஸ் ஆல்பத்தில் எனக்குள்ள பிடிப்பே இதில் இருக்கிறது: இரண்டு பாட்டும் சேர்ந்து ஓடும் அந்த ஒரு நிமிடத்தில் கேட்பது முதல் பாட்டும் இல்லை, இரண்டாவது பாட்டும் இல்லை. அந்த ஆல்பத்தைத் தவிர வேறெங்கும் அது கிடைக்காது.

1990களில் சிடி பரவிய பிறகு இந்த வடிவம் வீட்டுக்குள் வந்தது. 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான், நடுவில் திருப்பிப் போட வேண்டும். சிடியில் 74 நிமிடம் ஒரே மூச்சாக ஓடும். டிஜே-கிக்ஸ் என்ற மிக்ஸ் ஆல்பம் வரிசை 1995ல் தொடங்கியது. லண்டன் ஃபேப்ரிக் கிளப்பின் மிக்ஸ் சிடிகள் 2001 முதல் தகர டப்பாவில் வந்தன. கடையில் விற்கும் மிக்ஸ் ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டியிருப்பதால், டிஜே ஆசைப்பட்ட எல்லாமே உள்ளே வந்துவிடாது. என்னுடையது மாமா மகன் வண்டிக்குள் மட்டும் ஓடப்போவது. அதற்கும் எல்லாப் பாட்டையும் காசு கொடுத்து, தரம் குறையாத கோப்பாக வாங்கினேன். எம்பி3யை எடுத்து மிக்ஸ் செய்து மறுபடி எம்பி3 ஆக்கினால், ஹை-ஹேட்டின் (ட்ரம்ஸில் ஜால்ரா மாதிரி ஒலிக்கும் தட்டு) ஓரம் சலசலவென்று ஆகிவிடும்.

கருவி பெரிதாக ஒன்றுமில்லை. பழைய லேப்டாப், இரண்டு பாட்டைச் சேர்த்து ஓட்ட இரண்டாம் கையாக வாங்கிய இரண்டு டெக் கன்ட்ரோலர், ஹெட்போன், ஒரு ஜோடி ஆக்டிவ் ஸ்பீக்கர். மென்பொருள் மிக்ஸ்ஸ், கடைசியில் மூன்று எக்ஸ் வரும். இலவசம், லினக்ஸிலும் ஓடும். பாட்டின் வேகத்தையும் சுருதியையும் அதுவே கணித்துச் சொல்லும். சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். கணினியில் செய்த பாட்டுகளுக்கு வேகம் சரியாக வரும். ட்ரம்ஸ் கையால் வாசித்த பழைய பதிவுகளில் அடி கொஞ்சம் முன்பின் போகும், அடிகளைக் குறிக்க மென்பொருள் போடும் கட்டம் நாலு நிமிடத்தில் விலகிவிடும். அத்தகைய பாட்டு ஒன்றுதான் என் பட்டியலில். அதை முதல் பாட்டாக வைத்துவிட்டேன். முன்னால் வேறு பாட்டு இல்லாததால் அதன் கடைசி ஒரு நிமிடத்தின் கட்டத்தை மட்டும் கையால் நகர்த்திச் சரிசெய்தால் போதும்.

வேலையில் இறங்கியதும் முதல் தொல்லை ஸ்பீக்கரில். "ம்ம்ம்" என்று விடாத இரைச்சல். பதிவு மென்பொருளுக்குள்ளேயே நடப்பதால் இந்த இரைச்சல் கோப்பில் விழாது, விட்டுவிடலாமே என்று தோன்றும். விடக் கூடாது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டீப் ஹவுஸ் கிக்கின் அடித்தளமும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. எந்தப் பாட்டின் பாஸ் (தாழ்ந்த ஒலி) எவ்வளவு என்று காதால் முடிவெடுக்க வேண்டிய இடத்திலேயே இரைச்சல் போய் உட்கார்ந்துகொள்கிறது. தெரு முனையில் மைக் செட் வைத்திருக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தவர் ஸ்பீக்கரைத் தொடவே இல்லை. "சார்ஜரைப் புடுங்கு தம்பி" என்றார். பிடுங்கியதும் இரைச்சல் முக்கால்வாசி நின்றது. லேப்டாப் ஒரு பிளக்கில், ஸ்பீக்கர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் இன்னொரு பிளக்கில். இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள சின்ன வித்தியாசம் ஆடியோ வயர் வழியாக ஓடுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டதும் அடங்கியது. மிச்சமிருந்த கொஞ்சமும், பாஸ் வேலை செய்யும்போது மட்டும் லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டியதில் போனது.

ஐப்பசி மழையில் கரண்ட் எப்போது போகும் என்று டெல்டாவில் யாரும் சொல்ல முடியாது. போனதும் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் இருப்பது ஸ்கொயர் வேவ் வகை, அதில் ஸ்பீக்கர் வேறு மாதிரி கரகரக்கும். அந்த நேரத்தில் ஹெட்போனில் வரிசை போடும் வேலையை வைத்துக்கொண்டேன்.

வரிசைதான் மிக்ஸின் உயிர். கருவி பற்றி எழுதுவது சுலபம், வரிசை பற்றி எழுதுவது கஷ்டம். வாங்கி வைத்த நாற்பது சொச்சம் பாட்டுகளில் மிகப் பிடித்த சில உள்ளே வரவில்லை. தனியாகக் கேட்டால் மனதை அள்ளும் பாட்டு, பக்கத்துப் பாட்டைச் சின்னதாக்கிவிடுகிறது. ராத்திரி வண்டி ஓட்டுகிறவனுக்கு இது என்பதையும் மறக்க முடியாது. திடீரென்று எல்லாம் நின்று மறுபடி இடி மாதிரி விழும் இடங்கள் உள்ள பாட்டுகளை ஒதுக்கினேன். தூங்கவைக்கும் பாட்டையும் ஒதுக்கினேன். கார்டு மெதுவாக மாற வேண்டும், ஆனால் தாளத்துக்குள் ஏதாவது சின்னது நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்: ஒரு ஷேக்கர், ஒரு காங்கா ட்ரம், ஓரத்தில் ஒரு கைதட்டு.

வேகத்துக்கு வருகிறேன். என் 12 பாட்டுகளும் 119க்கும் 124க்கும் நடுவில். எல்லாவற்றையும் 122 என்று ஒரே வேகத்தில் கட்டிவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் 119ல் இருக்கும் பாட்டை 122க்கு ஏற்றினால் 2.5 சதவீதம் கூடுகிறது, சுருதியும் கூடவே ஏறும். ஏறுவது அரை ஸ்வரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. தனியாகக் கேட்டால் தெரியாது, இன்னொரு பாட்டோடு சேர்த்தால் பல் கூசும். கீலாக் என்ற வசதியைப் போட்டால் சுருதி மாறாமல் நிற்கும். அதற்காக மென்பொருள் ஒலியை வெட்டி ஒட்டுவதால் நீண்ட கார்டுகள் லேசாக நடுங்கும். டீப் ஹவுஸில் அந்தக் கார்டுதானே எல்லாம். அதனால் 119ல் தொடங்கி, ஒவ்வொரு ஒட்டிலும் அரை அடி அரை அடியாக ஏற்றி, ஒன்பதாவது பாட்டில் 123ஐத் தொட்டு, கடைசிவரை அங்கேயே நிறுத்தினேன். எந்தப் பாட்டும் தன் சொந்த வேகத்திலிருந்து 1 சதவீதத்துக்கு மேல் விலகவில்லை. கேட்பவருக்கு வேகம் கூடியதே தெரியாது, ஏதோ சுறுசுறுப்பு வந்த மாதிரி மட்டும் இருக்கும்.

சுருதி விஷயத்தில் எனக்கு வழிகாட்டியவர் எங்கள் தெருவில் இருக்கும் தவில் ஐயா. வாழ்நாள் முழுக்கக் கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் வாசித்தவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். கொஞ்ச நேரத்தில், "எட்டெட்டா நாலு ஆவர்த்தம் ஆனதும் புதுசா ஒண்ணு உள்ள வருது, கவனிச்சியா தம்பி?" என்றார். டிஜேக்கள் 32 அடி என்று எண்ணுவதை ஆதி தாளத்தில் நாலு ஆவர்த்தமாக அவர் பிடித்துவிட்டார். அதற்கப்புறம் நானும் திரையைப் பார்க்காமல் விரலில்தான் எண்ணினேன். அடுத்த பாட்டை இந்த நாலு ஆவர்த்தம் முடியும் இடத்தில் தொடங்கினால்தான் இரண்டு பாட்டிலும் மாற்றங்கள் ஒன்றாக விழும். நடுவில் எங்காவது தொடங்கினால், அடி துல்லியமாகப் பொருந்தினாலும், ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசுவது போலாகிவிடும்.

ஐந்தாவது பாட்டும் ஆறாவது பாட்டும் சேரும் இடத்தில் அவர் கண்ணைத் திறந்தார். "இங்க சுருதி ரெண்டா கேக்குது." மென்பொருள் இரண்டுமே ஏ மைனர் என்று சொல்லியிருந்தது. கீபோர்டை எடுத்து வாசித்துப் பார்த்ததில் ஆறாவது பாட்டு டி மைனர். அப்படியென்றாலும் இரண்டுக்கும் ஏழில் ஆறு ஸ்வரங்கள் பொது, சேர வேண்டியதுதான். ஆனால் ஐந்தாவது பாட்டின் பாஸ் ஏ ஸ்வரத்திலேயே நின்றுகொண்டிருக்கும்போது டி மைனரின் பி ஃபிளாட் ஸ்வரம் உள்ளே வந்து அதை உரசுகிறது. ஐயா காதில் விழுந்தது அதுதான்.

டிஜேக்கள் கேமலாட் சக்கரம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். கடிகாரம் மாதிரி 12 எண்கள், மைனருக்கு ஏ, மேஜருக்கு பி. ஏ மைனர் 8ஏ, பக்கத்தில் 7ஏ டி மைனர், 9ஏ ஈ மைனர், அதே எண்ணில் 8பி சி மேஜர். பக்கத்து எண்ணோடு சேர்க்கலாம் என்பது விதி. கர்நாடக இசை தெரிந்தவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. அடுத்த எண் என்பது ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு நகர்வது. 8ஏயும் 8பியும் ஒரே ஸ்வரக் கூட்டம். நடபைரவியின் காந்தாரத்தை ஷட்ஜமாக வைத்தால் சங்கராபரணம் கிடைக்கிற கிரகபேதம்தான். ஐயாவிடம் இதைச் சொன்னதும், "அப்ப நீங்களும் நாங்களும் ஒரே கணக்குதான்" என்று சந்தோஷப்பட்டார். சக்கரம் சொல்வதோடு காதும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறாவது பாட்டில் கார்டு வராமல் தாளம் மட்டும் ஓடும் பகுதி 64 அடி இருந்தது. அதை ஐந்தாவது பாட்டின் கடைசிக் கார்டுகளின் கீழே ஓட்டி, கார்டு முடிந்த பிறகு டி மைனரை வரவிட்டேன். ஐயா மறுபடி கேட்டுத் தலையாட்டினார்.

அப்புறம் பாஸ். புதிதாக மிக்ஸ் செய்பவர்கள் இரண்டு பாட்டின் பாஸையும் சேர்ந்து ஓடவிடுவதைக் கேட்டிருக்கிறேன். ஒன்று, இரண்டு கிக்கும் சேர்ந்து ஸ்பீக்கர் திணறும். அல்லது இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு அடியே இல்லாமல் போகும். இரண்டாவது எப்படி நடக்கிறது என்பது கணக்கில் தெளிவாக இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 20 மில்லிவிநாடி. ஒரு கிக் மற்றதைவிட 10 மில்லிவிநாடி தள்ளி விழுந்தால், ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகிறது, அந்த ஒலி ரத்தாகிவிடுகிறது. 10 மில்லிவிநாடியை இரண்டு அடியாகக் காது பிரிக்காது, "பாஸ் எங்கே போச்சு" என்று மட்டும் தோன்றும். அதனால் உள்ளே வரும் பாட்டின் பாஸைக் கூட்டிக் குறைக்கும் லோ திருகை முழுக்கக் குறைத்து வைத்துத்தான் தொடங்குவேன். என் ஒட்டுகள் பெரும்பாலும் 128 அடி நீளம், 122 வேகத்தில் அது 63 விநாடி. முதல் 64 அடியில் புதுப் பாட்டின் ஹை-ஹேட்டும் கார்டும் மட்டும் மெல்ல ஏறும். 65வது அடியில் ஒரே அசைவில் பழைய பாட்டின் லோ கீழே, புதுப் பாட்டின் லோ மேலே. மிச்ச 64 அடியில் பழையது மேலிருந்து கரைந்து போகும். இது ஒன்று கைவந்துவிட்டால் மிக்ஸில் பாதி வேலை முடிந்தது என்பேன்.

ஒலி அளவையும் பார்க்க வேண்டும். 1990களின் பாட்டுகள் மெதுவான அளவில் இருக்கும், சமீபத்தியவை ஒரேயடியாக அழுத்திச் செய்தவை. மீட்டரைப் பார்த்துப் புதியதைக் குறைத்தேன், பழையதை ஏற்றவில்லை. உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பதிவு செய்து, கடைசியில் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் மொத்தக் கோப்பையும் ஒரே அளவாக உயர்த்தினேன். உச்சத்தை அமுக்கும் லிமிட்டர் போடவில்லை. கிக்கின் முனை மழுங்கினால் இந்த இசையில் மிச்சம் குறைவு.

சிடி எழுதுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாமா மகனுக்குப் பிடித்த இடத்துக்குத் தாவ டிராக் எண் வேண்டும், ஆனால் டிராக்குகளுக்கு நடுவே மௌனம் வரக் கூடாது. சாதாரணமாகத் தனித்தனிக் கோப்பாக எழுதினால் மென்பொருள் நடுவில் 2 விநாடி இடைவெளி வைத்துவிடும். இடைவெளியை எடுத்தாலும் "டிக்" என்று ஒரு சத்தம் வரலாம். சிடியில் ஒரு விநாடி 75 பகுதிகளாகப் பிரிகிறது, ஒவ்வொன்றிலும் 588 ஒலி மாதிரிகள். நாம் வெட்டிய கோப்பு அந்தக் கணக்கில் சரியாக முடியாவிட்டால் மிச்சத்தை மென்பொருள் மௌனத்தால் நிரப்பிவிடும். வெட்டாமல் இருப்பதே தீர்வு. மொத்த மிக்ஸும் ஒரே வேவ் கோப்பு. எந்த நேரத்தில் எந்த டிராக் தொடங்குகிறது என்று ஒரு கியூ கோப்பு. லினக்ஸில் கே3பி என்ற சிடி எழுதும் மென்பொருள் இரண்டையும் எடுத்துக்கொண்டு, டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் ஒரே ஓட்டமாக எழுதிவிட்டது. டிராக் குறியை ஒட்டு தொடங்கும் இடத்தில் வைக்காமல் பாஸ் மாறும் 65வது அடியில் வைத்தேன். தாவும்போது நேராகப் பாட்டின் நெஞ்சில் போய் இறங்கும்.

பென்டிரைவுக்கு வேறு வழி. எம்பி3 ஆக்கும்போது கோப்பின் முன்னும் பின்னும் துளி மௌனம் சேரும். அதைச் சரிக்கட்டும் வசதி பழைய கார் ஸ்டீரியோக்களில் இருப்பதில்லை. ஆகவே பென்டிரைவில் 73 நிமிடமும் ஒரே எம்பி3 கோப்பு. 320 கிலோபிட் தரத்தில் 175 எம்பி வந்தது. வண்டியை அணைத்துவிட்டு டீ குடித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது, அது அவன் ஸ்டீரியோவின் நல்ல குணம்.

காருக்குள் கேட்டபோது பாஸ் வீட்டில் கேட்டதைவிடக் கூடுதலாக இருந்தது. அடைத்த சின்ன இடத்தில் தாழ்ந்த ஒலி பெருகும் என்பதால் எதிர்பார்த்ததுதான். வண்டி ஓடத் தொடங்கியதும் டயர் சத்தம் அதில் ஒரு பங்கை மூடிவிட்டது, சமநிலை தானாக வந்தது. நின்ற வண்டியில் கேட்டு பாஸைக் குறைத்துவிட வேண்டாம் என்பது இதைச் செய்பவர்களுக்கு என் யோசனை.

முதல் சவாரி முடிந்து மறுநாள் போன் செய்தான். "பெரிய கடைத்தெருவத் தாண்டி போட்டேன் மச்சான், அணைக்கரை போனது தெரியல, சேத்தியாத்தோப்பு கிட்டத்துலதான் முடிஞ்சுது. எங்க பாட்டு மாறுச்சுன்னு கண்டுபுடிக்க உக்காந்து கேட்டேன், முடியல." பின் சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் தூங்காமல் கேட்டுவிட்டு, இது என்ன பாட்டு, யார் பாடுவது என்று விசாரித்தாராம். 12 பேர் செய்தது என்று சொன்னதும் அவர் நம்பவில்லையாம்.

ஒரு குறையும் சொன்னான். ஏழும் எட்டும் சேரும் இடத்தில் இரண்டு பெண் குரல்கள் ஒரே நேரத்தில் வருகின்றன, அங்கே மட்டும் கவனம் சிதறுகிறது என்றான். சரியான காது. எட்டாவது பாட்டுக்குக் குரல் இல்லாத டப் வடிவம் ஒன்று வாங்கியிருக்கிறேன். அதன் முதல் 128 அடியை ஏழின் மேல் ஓட்டி, குரல் போனதும் அசல் பாட்டுக்கு மாறிவிடலாம். இரண்டுக்கும் சுருதியும் வேகமும் ஒன்றே. இந்த ஒட்டை மட்டும் மறுபடி பதிவு செய்து கோப்பில் சேர்த்ததும், கியூ கோப்பில் எட்டுக்குப் பின்னால் உள்ள நேரங்களைத் திருத்திப் புது சிடி எழுத வேண்டும். மைக் செட் அண்ணனும் ஒன்று கேட்டிருக்கிறார், தவில் ஐயாவும் பென்டிரைவ் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.